சுவரில் கத்திய பெட்டி

எங்கள் மாமனாருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சம்மட்டிகள் அடித்து வளைக்கும் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வேப்பம்பட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே மாமியார் இறந்துபோனார். நானும் என் கணவரும் மாமாவோடு அங்கே குடியேறினோம்.

பேசினால் பதில் சொல்வார். ரயில் போகும் சத்தத்தை வைத்தே எக்ஸ்பிரஸா, லோக்கலா என்று சொல்லிவிடுவார். நான் ஒன்றை இரண்டு தடவை சொல்ல வேண்டிவந்தால், காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்று எனக்குக் கோபம் வருமே தவிர, காதிலேயே விழவில்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே கூடம். முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை செய்வார்கள். பின்பக்கம் என் மேஜை. டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைக்கும் ஸ்டெபிலைசர்தான் எங்கள் பிழைப்பு. அந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்க ஆரம்பித்ததும், முதலாளி புதிதாக ஒன்றைப் பிடித்தார்.

பிள்ளைகள் துபாய்க்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் வயசானவர்களுக்கென்று ஒரு பெட்டி. கேஸ் கசிந்தால் கண்டுபிடித்துக் கத்தும். உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி, முகப்பில் சிவப்பாக எரியும் இரண்டு இலக்கம், அதற்குக் கீழே மூன்று சின்னப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. காற்றில் கேஸ் கூடக் கூட அந்த இலக்கம் ஏறும். ஒரு அளவைத் தாண்டியதும் அலாரம். எங்கள் டிசைன் இன்ஜினியர்தான் வடிவமைத்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். கெட்டிக்காரர். கம்மல் அளவுக்கு ஒரு தகட்டை வைத்து, கூடம் முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு கீச்சுச் சத்தத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"இத்தூண்டு பேட்டரியில இவ்வளவு சத்தம் வேற எதுலயும் வராது" என்று அவருக்கு அதில் பெருமை.

என் வேலை, லைட்டரில் அடைக்கும் கேஸை ஒவ்வொரு பெட்டியின் மூக்கிலும் கொஞ்சம் காட்டி, கத்துகிறதா என்று பார்ப்பது. எல்லாம் கத்தின. முதல் சரக்கு வெளியே போனது. ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். வீட்டுச் சமையலறையில் பல மாதம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் முதலாளி. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் படியும். அதனால் பெட்டியை சிலிண்டருக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் மாட்ட வேண்டும். என் கணவர் ஆணி அடித்து மாட்டினார். மாமா குனிந்து பார்க்க முயன்றார். இடுப்பு விடவில்லை.

"என்ன நம்பரும்மா தெரியுது அதுல?"

"சைபர் மாமா. சைபர் இருந்தா நல்லது."

"எனக்கு எட்டு மாதிரி தெரியுது" என்றார். நாங்கள் சிரித்தோம்.

என் கணவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவேன். நடுவில் மாமா தனியாகத்தான் இருப்பார். பேப்பர் படிப்பார், மூக்குப்பொடி போடுவார், மத்தியானம் ஒரு டீ போட்டுக் குடிப்பார்.

ஆடி மாதம் என்று நினைவு. ஸ்டேஷனில் இறங்கி, மனைக் கற்கள் நட்டிருந்த பொட்டல் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். காற்று விழுந்துபோய்ப் புழுக்கமாக இருந்தது. எங்கள் தெரு முனை திரும்பும்போதே அந்தச் சத்தம் காதில் குத்தியது. பகல் முழுக்கக் கேட்கிற சத்தம்தானே, காதிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு அடி வைத்ததும் அது வலுத்தது.

எதிர்வீட்டு அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னாம்மா, உங்க ஊட்ல மத்தியானத்துலேர்ந்து ஏதோ கீச்சு கீச்சுன்னு கத்திகினே கீது? நான் வந்து கேட்டேன். ஒண்ணும் கத்தலியேன்னு உன் மாமனாரு கதவச் சாத்திக்கினாரு."

ஓடினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளியதும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது. கொசுவுக்குப் பயந்து மாமா ஜன்னல்களையும் அடைத்திருந்தார். அந்தச் சின்ன வீட்டில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருந்தது. என் பல் கூசியது. அதற்கு நடுவில் மாமா திருநீறு பூசி, சட்டை போடாமல், சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்கில் திரி போட்டு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. ஒரு கையில் தீப்பெட்டி. இன்னொரு கையில் குச்சி.

"வந்துட்டியா, வாம்மா" என்று சிரித்தார். "விளக்கேத்திட்டு டீ போடலாம்னு இருந்தேன்."

அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பதைவிட அடித்தேன் என்று சொல்ல வேண்டும். குச்சி தரையில் விழுந்தது. தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவரை வாசலுக்கு இழுத்தேன். என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். லைட் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இருட்டில் தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். ரப்பர் குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது.

வாசலுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பெட்டி இன்னும் ஓயவில்லை.

"இவ்வளவு நேரமா அது கத்திட்டிருக்கே மாமா, உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே முயற்சி செய்து கேட்டார்.

"எது கத்துது?" என்றார்.

கேஸ் வாடையும் அவருக்குத் தெரியவில்லை. மூக்குப்பொடி அந்த மூக்கில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு அவருக்குத் திடீரென்று வயசாகிவிட்டது போல எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இன்ஜினியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பெரியவர் தூங்கியிருப்பார்" என்றார். அதனால் அந்தச் சனிக்கிழமை மாமாவையே கம்பெனிக்கு அழைத்துப் போனேன். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. சால்டரிங் பெண்களெல்லாம் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்பீக்கரை வைத்தோம். குமிழைத் திருகினால் சத்தம் கனத்த குரலில் தொடங்கி மெல்லிய குரல் வரை ஏறும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது.

"சத்தம் கேக்கிற வரைக்கும் கையைத் தூக்கியே வச்சிருங்க ஐயா" என்றார் இன்ஜினியர்.

முதலில் லாரி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். மாமாவின் கை உடனே ஏறியது. பெண்கள் சிரித்தார்கள். குமிழ் மெல்லத் திரும்பியது. சத்தம் மெலிந்து, கூர்மையாகிக்கொண்டே போனது. கை அப்படியே நின்றது. அப்புறம் ஓரிடத்தில் கை தயங்கியது. இறங்கி மடியில் அமர்ந்தது.

குமிழ் நிற்கவில்லை. எங்களுக்குச் சத்தம் குறையவில்லை, இன்னும் அதிகமாகத்தான் கேட்டது. எங்கள் பெட்டி கத்துகிற இடத்துக்கு வந்ததும் இன்ஜினியர் அங்கேயே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இன்னொருத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூரையே அதிர்வது போல இருந்தது. அதற்கு நடுவில் மாமா மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்திட்டீங்களா தம்பி?" என்றார்.

இன்ஜினியர் கருவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பெட்டி வெளியே போயிருக்கு?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மாமா மாதிரி ஆலைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றோர் சங்கம் ஒன்றின் வழியாகத்தான் முதலாளி விற்றிருந்தார்.

முதலாளியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தலைக்கு மேல் வேலை.

"இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்டாவது வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க."

"கேட்டாத்தானே சார் கம்ப்ளெயிண்ட் வரும்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அன்று மாலை போகும்போது மேஜையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவருடைய அம்மா அவரோடுதான் இருந்தார். திங்கட்கிழமை காலை வந்ததும், கையிலிருந்த குடையைக்கூட மாட்டாமல் எங்கள் மேஜை முன்னால் வந்து நின்றார். "எல்லாத்தையும் மாத்துங்க" என்றார். வீட்டில் என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேப்பம்பட்டு வீடுதான் எங்கள் பரிசோதனைக் கூடம். மாமா தன்னோடு வேலை பார்த்த நாலைந்து பேரைக் கூப்பிட்டார். இன்ஜினியர் விதவிதமான சத்தங்களைப் போட்டுக் காட்டுவார், அவர்கள் கையைத் தூக்குவார்கள். கடைசியில் தவளையும் லாரி ஹார்னும் கலந்த மாதிரி ஒரு கட்டைக் குரல் எல்லோருக்கும் பிடிபட்டது. எல்லோருக்கும் என்றா சொன்னேன்? ஒருவருக்கு அதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் கையைப் பார்த்துத் தானும் கை தூக்கியிருக்கிறார். மாமாதான் அதைக் கண்டுபிடித்து என்னிடம் தனியாகச் சொன்னார். அவருக்காகக் கண்ணில் அடிக்கிற மாதிரி விட்டு விட்டு எரியும் ஒரு விளக்கைச் சேர்த்தோம். இலக்கங்கள் போயின. பொத்தான் ஒன்றே ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு. உணரும் மூக்கு மட்டும் கீழே சிலிண்டர் பக்கம் இருந்தது. மற்றதெல்லாம் ஒயர் வழியாகக் கண் உயரத்துக்கு ஏறி, கூடத்துக்கே வந்தது. மேலே பெரிய தமிழ் எழுத்தில்: கேஸ் கசிகிறது, எதையும் பற்றவைக்காதீர்கள். பெட்டி பார்க்க அசிங்கமாக, தடியாக இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். இன்ஜினியரின் ஸ்கூட்டரில், ஓய்வு கிடைத்த மத்தியானங்களில். பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி. எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல வரவேற்பு. "அதும்பாட்டுக்கு இருக்கும்மா, ஒரு தொந்தரவு கிடையாது" என்பார்கள். நான் குனிந்து சோதனைப் பொத்தானை அழுத்துவேன். பெட்டி வீறிடும். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அமுத்துங்கம்மா, கேப்போம்" என்பார்.

அமுத்திவிட்டேன் என்று வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வீட்டின் கேட்டைத் திறக்கும்போதே, இங்கே ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று காதைத் தீட்டிக்கொண்டு போவேன். பூந்தமல்லியில் ஒரு வீட்டில் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. பெட்டிக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. புகைக்குத்தான் கத்தியிருக்கிறது, கேஸுக்கு இல்லை. ஆனால் எத்தனை நாளாக என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மாங்காட்டு வீட்டுக்குப் போனபோது வாசலில் கோலம் இல்லை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. எங்களைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார். கம்பெனி பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டார்.

"இப்பதான் வர்றீங்களா?" என்றார்.

சமையலறைச் சுவர் கூரை வரை கறுத்திருந்தது. அடுப்பு மேடையில் ஒன்றும் இல்லை. சுவரில் எங்கள் பெட்டி மட்டும் ஒரு பக்கம் உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒருநாள் காலை, காபி போடப் போன மனைவி அடுப்பைப் பற்றவைத்ததும் குப்பென்று பிடித்திருக்கிறது. அவர் பக்கத்து அறையில்தான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"கத்தவே இல்லம்மா அது" என்றார். "கத்திருந்தா நான் எழுந்து போயிருப்பேன்ல? அவளத் தடுத்திருப்பேன்ல?"

இன்ஜினியர் பெட்டியைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, உருகாத பக்கத்தில் ஒயரைத் தொட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு கேட்டேன். பழுது என்றால் தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றார்.

பெட்டி கத்தியது. அந்தக் கறுத்த அறைக்குள் கூர்மையாக, துளிகூடக் குறையாமல் கத்தியது.

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பார்த்தீங்களா?" என்றார். "செத்துப் போச்சு அது."

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. கன்னத்தில் தோல் புதிதாகச் சிவந்திருந்தது.

"இந்தச் சத்தந்தான்" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. "அன்னிக்குக் காலையில இதேதான் கத்துச்சு. ஏதோ பூச்சி, சிலிண்டருக்குப் பின்னாடி பூந்துக்கிச்சுன்னு நெனச்சேன். ஜலதோஷத்துல வாடையும் தெரியல."

"எந்தச் சத்தம்?" என்றார் பெரியவர்.

அந்த அம்மா கணவரின் முகத்தையே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நான் இன்ஜினியரின் கையைத் தொட்டேன், அவர் ஒயரை எடுத்தார். சத்தம் நின்றது. அது நின்றதுகூடப் பெரியவருக்குத் தெரியவில்லை. இன்னும் காத்துக்கொண்டு நின்றார். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தே வருஷங்கள் போனதில் அந்த மாதிரிச் சத்தம் மட்டும் காதுக்கு எட்டாது என்றும், அது அவர் தப்பு இல்லை என்றும், எங்கள் மாமனாருக்கும் அப்படித்தான் என்றும் சொன்னேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். முதுகெல்லாம் கரி.

"எடுத்துட்டுப் போயிடுங்க எல்லாத்தையும்" என்றார்.

"மாட்டச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "நாளைக்கும் நாமதானே இந்த வீட்ல இருக்கணும்."

கூடத்துச் சுவரில் புதுப் பெட்டியை மாட்டினோம். சோதனைக்காக அழுத்தினேன். அந்தக் கட்டைக் குரல் எழுந்ததும் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கண்கள் பெட்டியைத் தேடிப் போயின. விளக்கு அவர் முகத்தில் எரிந்து எரிந்து அணைந்தது.

"கேக்குது" என்றார். பிறகு கோபமே இல்லாத குரலில், "இத மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா தம்பி?" என்றார்.

கருவிகளைப் பையில் எடுத்துவைக்க இன்ஜினியருக்கு வெகுநேரம் பிடித்தது. திரும்பும் வழியில் குமணன்சாவடி தாண்டி ஸ்கூட்டரை ஓரம் கட்டி இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கிளம்பினோம்.

சங்கத்தின் வழியாக வாங்கியவர்கள் வீடுகளையெல்லாம் முடித்துவிட்டோம். ஆனால் முதலாளி ஒரு பொருட்காட்சியில் கடை போட்டுக் கொஞ்சம் பெட்டிகளை விற்றிருந்தார். வாங்கியவர்கள் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. பேப்பரில் சின்னதாக விளம்பரம் கொடுத்தார். மூன்றோ நாலோ பேர் பெட்டியைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். அதோடு சரி, மற்றப் பெட்டிகள் எந்தச் சுவர்களில் தொங்குகின்றனவோ தெரியாது. அசிங்கமான புதுப் பெட்டி கடைகளில் ஓடவில்லை. அடுத்த வருஷம் கம்பெனி மறுபடியும் ஸ்டெபிலைசருக்கே திரும்பியது. இன்ஜினியர் காது மெஷின் செய்யும் இடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனார்.

எனக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. தெருவில் நடக்கும்போது, பஸ் சிக்னலில் நிற்கும்போது, பூட்டிய ஜன்னல்களைக் கடக்கும்போது காது தானாகக் கூர்மையாகிவிடும். ஒருநாள் பாடியில் என் கணவருக்காகக் காத்திருந்தபோது ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து அதே கீச்சுச் சத்தம். கதவை இரண்டு கையாலும் அடித்தேன். பயந்துபோய்க் கதவைத் திறந்த பெண்ணின் கையில் ஒரு அலாரம் கடிகாரம் கத்திக்கொண்டிருந்தது. அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "யாரையாவது தேடுறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். யாரை என்று சொல்லத் தெரியவில்லை.